போனட்டில் ஒட்டிய சின்னம், அடியில் ஓடும் கணக்கு: ரேசிங் சிம்களில் கார் லைசென்ஸ் என்றால் என்ன?

2011 அக்டோபரில் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 4 என்ற ரேசிங் சிம், அதாவது நிஜ கார் ஓட்டத்தைப் பின்பற்றும் வீடியோ விளையாட்டு, வெளிவந்தபோது அதன் கார் பட்டியலில் போர்ஷே என்ற பெயரே இல்லை. ஆனால் போர்ஷேயின் 911 காரை அப்படியே வார்த்தெடுத்தது போன்ற சில கார்கள் "ரூஃப்" என்ற பெயரில் அதே பட்டியலில் நின்றன. பழைய ரேசிங் விளையாட்டுகளை இப்போது எடுத்து ஆடுகிற புதியவர்கள் பலரும் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள். யார் இந்த ரூஃப்? போர்ஷே எங்கே போனது?

விளையாட்டுகளில் போர்ஷேயைக் காட்டும் உரிமை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. வீடியோ விளையாட்டு நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதாவது இஏ, 2000-ஆம் ஆண்டுவாக்கில் போர்ஷேயுடன் தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. நீட் ஃபார் ஸ்பீட் வரிசையில் அந்த ஆண்டு வந்த விளையாட்டு முழுக்க முழுக்க போர்ஷே கார்களால் ஆனது. அந்த ஒப்பந்தம் 2016 இறுதிவரை நீண்டது. இடைப்பட்ட காலத்தில் வேறு யாருக்காவது 911 வேண்டுமென்றால் இஏ-யிடம் துணை உரிமம் கேட்டு நிற்க வேண்டும். 2009-இல் ஃபோர்ஸா 3-க்கு அது கிடைத்தது. 2011-இல் ஃபோர்ஸா 4-க்குக் கிடைக்கவில்லை. பிறகு பேச்சுவார்த்தை முடிந்து, 2012 மே மாதம் தனி விரிவாக்கத் தொகுப்பாக 30 போர்ஷே கார்கள் வந்து சேர்ந்தன.

ரூஃப் ஜெர்மனியின் பவேரியாவில் ஃபாஃபன்ஹவுசன் என்ற சிற்றூரில் இருக்கும் நிறுவனம். போர்ஷேயின் வெற்று உடற்கூட்டை வாங்கித் தன் வடிவமைப்பில் காரைக் கட்டி, தன் சொந்த சேசிஸ் எண் போட்டு விற்கும். 1981 முதல் ஜெர்மனியில் அதற்குத் தனிக் கார் உற்பத்தியாளர் என்ற அங்கீகாரம் உண்டு. சட்டப்படி ரூஃப் கார் போர்ஷே அல்ல. ஆகவே கிரான் டூரிஸ்மோ, ஃபோர்ஸா, புராஜெக்ட் கார்ஸ், அசெட்டோ கோர்சா என்று விளையாட்டு செய்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக ரூஃபிடம் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். பின்புற எஞ்சின், பின்னால் கனக்கும் எடை, திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை சட்டென்று விட்டால் வால் சுழலும் அந்தக் குணம், எல்லாமே அங்கே இருந்தது. பெயர் மட்டும் இல்லை. ஒரு காரின் பெயர் வேறு, அது ஓடும் விதம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

லைசென்ஸில் என்னென்ன அடங்கும்

"லைசென்ஸ் வாங்கிய கார்" என்றால் ஏதோ ஒரு சீட்டு வாங்கிவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அது பல உரிமைகளின் கட்டு. பெயரும் சின்னமும் வணிகக்குறி. காரின் வெளித்தோற்றத்துக்கு வடிவமைப்பு உரிமை உண்டு. நிறுவனம் கொடுக்கும் கணினி வரைபடங்கள் பதிப்புரிமைக்குள் வரும். எந்தெந்த மாடல், எந்தெந்த கன்சோல், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாட்டில், விளம்பரத்தில் காட்டலாமா கூடாதா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் தனித்தனி வரிகள். பணம் மொத்தமாகவும் போகலாம், பிரதிக்கு இவ்வளவு என்றும் போகலாம், விளம்பரத்துக்கு ஈடாகக் குறைந்தும் போகலாம். தொகைகள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை.

சாலைக் காராக இருந்தால் ஒரு நிறுவனத்தோடு வேலை முடியும். பந்தயக் கார் என்றால் தலைவலி. கார் உற்பத்தியாளர் ஒருவர், அதை ஓட்டும் அணி வேறொருவர், பந்தயத் தொடரை நடத்துபவர் மூன்றாமவர், பக்கவாட்டில் ஒட்டிய ஸ்பான்சர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி, ஓட்டுநரின் பெயரும் முகமும் இன்னொரு கணக்கு. இதில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் அந்த இடம் வெற்றுப் பட்டையாக நிற்கும். 1980-களின் பந்தயக் கார்கள் பலவும் விளையாட்டுகளில் மொட்டையாகத் தெரிவதற்குக் காரணம் அன்றைய சிகரெட் விளம்பரங்கள். அவற்றை இன்று காட்ட முடியாது.

அதற்குப் பிறகு ஒப்புதல் கட்டம். விளையாட்டு நிறுவனம் கார் மாதிரியின் படங்களை நிறுவனத்துக்கு அனுப்பும். ஹெட்லைட்டின் வளைவு தவறு, இந்த நிறம் அந்த ஆண்டில் விற்கவே இல்லை, சக்கரத்தின் நட்டு எண்ணிக்கை பொருந்தவில்லை என்று திருத்தங்கள் வரும். கவனியுங்கள்: இந்தத் திருத்தங்களில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியது. பின்புற சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் அளவு சரியா என்று அதே கறாரோடு பார்க்க ஒப்புதல் மேசையில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.

எப்படிப்பட்ட விளையாட்டு என்பதையும் நிறுவனங்கள் பார்க்கும். 2003-இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்டில் டொயோட்டா சுப்ரா ஒரு நாயகன். 2017-இல் அதே வரிசையின் பேபேக்கில் டொயோட்டா இல்லை, 2019-இல் ஹீட்டிலும் இல்லை. ஹீட் வந்த சமயத்தில் டொயோட்டாவின் பிரிட்டன் ட்விட்டர் கணக்கு, எங்கள் கார்கள் வேண்டுமென்றால் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் ஆடுங்கள், அது சட்டவிரோதத் தெருப் பந்தயத்தை ஊக்குவிக்காத விளையாட்டு என்ற பொருளில் பதில் போட்டது. பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. போலீஸ் துரத்தும் கதைக்குள் தன் காரை நிறுத்துவதா என்பது கார்க்காரரின் விருப்பம், அவ்வளவுதான்.

வாங்காமலே போட்டால் என்ன ஆகும்?

இங்கே பலரும் நினைப்பதைவிடச் சட்டம் குழப்பமானது. கால் ஆஃப் டூட்டி விளையாட்டுகளில் ஹம்வீ ராணுவ வண்டி அனுமதியில்லாமல் வந்தது என்று அதைத் தயாரிக்கும் ஏஎம் ஜெனரல், அந்த விளையாட்டுகளை வெளியிடும் ஆக்டிவிஷன் மீது வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஆக்டிவிஷன் பக்கம் தீர்ப்பளித்தது. போரை நம்பும்படி காட்டுவது கலைநோக்கம், அதற்கு ஹம்வீ தேவைப்படுகிறது என்பது சாரம். ஐரோப்பாவில் 2007-இல் வேறொரு வழக்கு. ஓப்பல் நிறுவனம், தன் சின்னத்தோடு பொம்மை ஆஸ்ட்ரா விற்ற ஆட்டெக் என்ற நிறுவனத்தை எதிர்த்தது. பொம்மையில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து வாங்குபவர் அது ஓப்பல் தயாரித்த பொம்மை என்று நினைப்பாரா என்பதைப் பொறுத்தே முடிவு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. கடைசியில் ஜெர்மன் நீதிமன்றத்தில் ஓப்பல் தோற்றது.

அப்படியானால் ரேசிங் விளையாட்டுக்காரர்கள் ஏன் இன்னும் காசு கொடுக்கிறார்கள்? போர் விளையாட்டில் ஹம்வீ பின்னணிப் பொருள். ரேசிங் விளையாட்டில் காரே சரக்கு. அட்டைப்படத்தில் அதைப் போட்டுத்தான் விற்கிறார்கள். அந்தத் தீர்ப்பின் நிழல் இங்கே நீளுமா என்று பல நாடுகளில் வழக்காடிப் பார்க்க யாருக்கும் ஆசை இல்லை. தவிர, எதிரியாகிவிட்டால் காரைத் தொட்டு அளக்கவும் ஒலியைப் பதிவு செய்யவும் வாசல் திறக்காது.

சின்னம் வந்தால் சேதம் குறையும்

லைசென்ஸ் யதார்த்தத்தைக் கூட்டும் என்ற எண்ணம் மோதலில் முதலில் உடைகிறது. எந்தக் கார் நிறுவனமும் தன் வண்டியின் கூரை நசுங்கி ஓட்டுநர் இருக்கைவரை உள்ளே வருவதைப் பார்க்க விரும்பாது. ஆகவே உண்மைப் பெயர் கொண்ட கார்கள் இருக்கும் விளையாட்டுகளில் பம்பர் தொங்கும், கண்ணாடி கீறல் விடும், போனட் சுருங்கும். பயணி அமரும் கூடு மட்டும் பெரும்பாலும் அசையாது. 200 கிமீ வேகத்தில் சுவரில் மோதிய சொகுசுக் கார் ஒரு கீறலோடு திரும்பி ஓடும் வேடிக்கைக்கு நிரலாளரின் சோம்பல் மட்டுமே காரணம் அல்ல.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவை கற்பனைப் பெயர்க் கார்கள். 2008-இல் வந்த பர்னவுட் பாரடைஸ் மோதலையே விருந்தாக்கிய விளையாட்டு. அதில் ஓடியவை நிஜ பிராண்டுகள் அல்ல. ரெக்ஃபெஸ்டும் அப்படியே. பீம்என்ஜி டிரைவ் இன்னும் ஒருபடி மேலே. அதில் கேவ்ரில், இபிஷு, இடிகே, ஹிரோச்சி என்று தாங்களே உருவாக்கிய கார் நிறுவனங்கள். ஒவ்வொரு காரும் எடையுள்ள புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் விறைப்பான கம்பிகளாலும் ஆன வலைக்கூடு. ஒவ்வொரு கம்பிக்கும் எவ்வளவு விசையில் வளையும், எவ்வளவில் அறும் என்று எண் இருக்கிறது. நொடிக்கு 2000 முறை இந்த வலை முழுவதும் கணக்கிடப்படுகிறது. வேகமாகப் பள்ளத்தில் இறக்கினால் சஸ்பென்ஷன் கை வளைந்து, அந்தச் சக்கரம் கோணலாகி, கார் ஒரு பக்கம் இழுக்கும். இதற்கென்று தனியாக அசைவு வரைந்து வைக்கவில்லை. கம்பி வளைந்ததன் விளைவு அது. போனட்டில் நிஜச் சின்னம் இருந்திருந்தால் இதை விற்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, யதார்த்தம் எங்கிருந்து வருகிறது?

நான்கு டயர்களிலிருந்து. காருக்கும் தரைக்கும் உள்ள உறவு முழுவதும் அந்த நான்கு ஒட்டுப் பரப்புகளில்தான் நடக்கிறது. டயர் நேராக உருளும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையிலான சிறு கோணம் கூடக்கூட, பக்கவாட்டுப் பிடி ஏறும். சாலை டயரில் ஏறத்தாழ 6 முதல் 10 டிகிரியில் உச்சம் தொடும், பிறகு மெல்ல இறங்கும். இந்த வளைவை எண்களில் பிடிக்க, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பசெய்கா உருவாக்கிய "மாய சூத்திரம்" வாகனத் துறையில் பரவலாகப் பயன்படுகிறது. சோதனை எந்திரத்தில் டயரை அளந்து கிடைத்த புள்ளிகளின் மேல் வளைவைப் பொருத்தும் முறை அது. மாயம் என்ற பெயர் ஏனென்றால், அது ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு இயற்பியல் காரணம் சூத்திரத்துக்குள் இல்லை.

சிக்கல் இங்கேதான். டயர் தரவு கார் நிறுவனத்தின் சொத்து அல்ல, டயர் நிறுவனத்தின் சொத்து. கார் லைசென்ஸ் வாங்கினால் அது கூடவே வராது. கேட்டாலும் எளிதில் தர மாட்டார்கள். தந்தாலும், சோதனை எந்திரங்கள் அளப்பது பெரும்பாலும் பிடி இருக்கும் எல்லைக்குள். கார் 40 டிகிரி பக்கவாட்டில் வழுக்கும்போது டயர் என்ன செய்யும் என்பதற்கு அளவீடு அரிது. அங்கே நிரலாளர் ஊகித்துத்தான் கோடு இழுக்கிறார். பல சிம்களில் கார் பிடியோடு ஓடும்வரை அருமையாக இருந்து, வழுக்கத் தொடங்கியதும் பனிக்கட்டியில் விட்டதுபோல ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கார் நிறுவனம் மனம் வைத்தால் கொடுக்கக்கூடியவை வேறு: எஞ்சினின் முறுக்குவிசை வரைபடம், கியர் விகிதங்கள், சஸ்பென்ஷன் கைகள் சேசிஸில் பிடிக்கும் புள்ளிகளின் இடம், எடைப் பகிர்வு, ஓடும்போது காற்று காரின் மேல் செலுத்தும் விசைகளின் அட்டவணை. ரோமுக்கு அருகே வல்லெலுங்கா பந்தயத் தளத்தில் அலுவலகம் வைத்திருந்த குனோஸ் சிமுலாசியோனி, தான் உருவாக்கிய அசெட்டோ கோர்சாவுக்கு முன்பே ஃபெராரிக்காக 2010-இல் ஃபெராரி வெர்ச்சுவல் அகாடமி என்ற சிம்மைச் செய்து கொடுத்தது. அப்படி ஒரு நெருக்கம் இருக்கும்போது லைசென்ஸ் உண்மையாகவே யதார்த்தத்துக்கு உதவுகிறது.

கணக்கின் வேகமும் உண்டு. அசெட்டோ கோர்சா நொடிக்கு 333 முறை, ஐரேசிங் 360 முறை, அசெட்டோ கோர்சா கொம்பெடிட்சியோனே 400 முறை காரின் நிலையைக் கணக்கிடுகின்றன. 250 கிமீ வேகத்தில் கார் நொடிக்கு 69 மீட்டர் போகிறது. 360 முறை கணக்கிட்டால் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே 19 செமீ. திரையின் வேகமான நொடிக்கு 60 சட்டகத்திலேயே கணக்கிட்டால் 1.15 மீட்டர், திருப்பத்தின் ஓரத்தில் இருக்கும் கெர்பின் பல்வரிசையில் பாதியை கார் பார்க்காமலே தாண்டிவிடும். ஐரேசிங் 2008-இல் தொடங்கியதிலிருந்தே தளங்களை லேசர் கொண்டு அளப்பதில் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். மேடு பள்ளம் சரியாக இருந்து, அதைப் பார்க்கும் அளவுக்குக் கணக்கும் வேகமாக இருந்தால்தான் ஸ்டீயரிங்கில் கை உணரும்.

ஒரே ஒரு எண்ணை உற்றுப் பார்ப்போம்

எடை. இதைவிட எளிய எண் இல்லை என்று தோன்றும். அசெட்டோ கோர்சாவின் கார் கோப்பில் எடை என்ற இடத்தில் ஓட்டுநரைச் சேர்த்து, எரிபொருளைச் சேர்க்காமல் எழுத வேண்டும். எரிபொருளை விளையாட்டே லிட்டர் கணக்கில் தனியாகக் கூட்டிக்கொள்ளும்.

இப்போது கார் நிறுவனத்தின் கையேட்டில் 1000 கிலோ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றிய முறைப்படி அந்த எண்ணில் 75 கிலோ ஓட்டுநரும் 90 சதவீத எரிபொருளும் அடக்கம். ஜெர்மனியின் பழைய டின் முறைப்படி எரிபொருள் உண்டு, ஓட்டுநர் இல்லை. 45 லிட்டர் டேங்கின் 90 சதவீதம் ஏறத்தாழ 40 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.74 கிலோ என்றால் 30 கிலோ. ஆக, ஐரோப்பிய எண்ணாக இருந்தால் கோப்பில் 970 எழுத வேண்டும். டின் எண்ணாக இருந்தால் 30 கழித்து 75 கூட்டி 1045. கையேட்டில் ஒரே 1000, விளையாட்டில் 75 கிலோ வித்தியாசம்.

ரசிகர்கள் உருவாக்கும் மாட் கார்கள் முதலில் சறுக்கும் இடம் இது. அடுத்த சறுக்கல் சுழல்மந்தம், அதாவது கார் திரும்புவதற்கு அதன் எடைப் பரவல் காட்டும் எதிர்ப்பு. அசெட்டோ கோர்சா அதை நீள, அகல, உயரம் கொண்ட ஒரு கற்பனைப் பெட்டியின் அளவாகக் கேட்கும். காரின் வெளி அளவுகளை அப்படியே எழுதிவிட்டால் பம்பர் முனைவரை எடை பரவியிருப்பதாகக் கணக்காகும். உண்மையில் எடையின் பெரும்பகுதி அச்சுகளுக்கு நடுவே இருக்கிறது. விளைவு, சிறிய கார்கூட லாரிபோல யோசித்து யோசித்துத் திரும்பும். மூன்றாவது, வேறு காரின் டயர் கோப்பை அப்படியே நகலெடுப்பது. இன்னொரு விளையாட்டிலிருந்து உருவி எடுத்த அழகான உடல், அடியில் சம்பந்தமில்லாத காரின் கணக்கு: இப்படிப்பட்ட மாட்கள் ஏராளம். உருவி எடுப்பது பதிப்புரிமை மீறல் என்பது தனி விஷயம்.

பெயர் பொய், ஓட்டம் மெய்

ஃபார்முலா ஒன் பந்தயத்தின் அதிகாரப்பூர்வ விளையாட்டு உரிமை 2009 முதல் கோட்மாஸ்டர்ஸிடம். 2021-இல் அந்த நிறுவனத்தை இஏ வாங்கியது. மற்றவர்கள் நடப்பு ஆண்டின் முழுப் பந்தய வரிசையையும் போட முடியாது. பிரேசிலின் ரெய்சா ஸ்டுடியோஸ் இதற்கு ஒரு வழி கண்டது. அவர்களுடைய ஆட்டோமொபிலிஸ்டா 2-இல் "ஃபார்முலா அல்டிமேட்" என்றொரு கார். இறக்கைகள், ஹைபிரிட் எஞ்சின், டயர் அகலம் எல்லாம் விதிப்புத்தகத்தின்படி. அணியின் பெயர் மட்டும் கற்பனை. விதிப்புத்தகம் பொதுவில் கிடைப்பது, அதைப் படித்துக் கார் செய்ய யாரிடமும் கையெழுத்து வேண்டாம். மொனாக்கோவைப் போன்ற தெருத்தளத்துக்கு அங்கே "அஸூர்" என்று பெயர், சுசுகாவைப் போன்றதற்கு "கன்சாய்". ஆடிப் பார்த்தால் எந்த ஊர் என்று இரண்டாவது திருப்பத்திலேயே தெரிந்துவிடும்.

எதிர்த் திசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாலைக் கார்களை அடிப்படையாக வைத்துக் கட்டிய ஜிடி3 வகைப் பந்தயக் கார்கள் முழு லைசென்ஸோடு, உண்மை அணி வண்ணங்களோடு கொம்பெடிட்சியோனேயில் இருக்கின்றன. ஆனால் அங்கே ஓடும் காரின் திறனைப் பந்தய அமைப்பே கட்டுப்படுத்துகிறது. வெவ்வேறு நிறுவனக் கார்கள் சமமாக மோதும்படி எடை ஏற்றி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைத்துச் சமன் செய்வார்கள். சாலையில் விற்கும் காரின் குதிரைத்திறனை வைத்துக்கொண்டு "இது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது" என்று கேட்கக்கூடாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

லைசென்ஸ் சின்னத்தை நம்பாமல் காரின் கணக்கைப் பார்க்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. சமதளமான நீண்ட நேர்ச்சாலை, அகலமான வெற்றிடம், வேகம், விசை போன்ற எண்களைக் காட்டும் டெலிமெட்ரி திரை இருந்தால் போதும்.

முதலாவது கியர் வேகம். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் காரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கியர் விகிதம் 1.888, இறுதி விகிதம் 4.3. டயர் 185/60, 14 அங்குல ரிம். விட்டம் 578 மிமீ, சுற்றளவு 1.815 மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் இருக்கும்போது வேகம் காண, 7000-ஐ 1.815-ஆலும் 60-ஆலும் பெருக்கி, 1.888, 4.3 இரண்டின் பெருக்கத்தால் வகுத்து, 1000-ஆல் வகுங்கள்: சுமார் 94 கிமீ. எடை அழுத்தத்தில் டயர் சற்றே சப்பையாவதால் நிஜத்தில் இரண்டு மூன்று கிமீ குறையும். விளையாட்டு 91 முதல் 94-க்குள் காட்டினால் சரி. 98 காட்டினால் அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். 1994-க்குப் பிந்தைய 1.8 லிட்டர் மாடலின் இறுதி விகிதம் 4.1, அதற்கு 98 தான் சரியான விடை. 105 என்றால் யாரோ கோப்பில் கோட்டை விட்டிருக்கிறார்கள். சக்கரம் வெறுமனே சுழலாமல், மெதுவாக வேகம் கூட்டி அளவெடுங்கள்.

இரண்டாவது பிரேக். 100 கிமீயிலிருந்து முழுதாக நிற்க எத்தனை மீட்டர்? வேகக்குறைவு ஒரு ஜி அளவில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக, இருந்தால் 39 மீட்டர். நல்ல சாலை டயருக்கு 36 முதல் 40 நியாயமான எல்லை. சாதாரண டயர் போட்ட கார் 28 மீட்டரில் நின்றால் அது 1.4 ஜி, பந்தய டயரின் பேச்சு. ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால் தூரம் நீளும், ஆகவே பூட்டாமல் மிதிக்கப் பழகிய பிறகே அளவெடுக்க வேண்டும்.

மூன்றாவது வட்டம். 50 மீட்டர் ஆரத்தில் ஒரே வேகத்தில் சுற்றி, வெளியே நழுவாமல் எவ்வளவு போக முடிகிறது என்று பாருங்கள். 0.9 ஜி என்றால் 76 கிமீ, ஒரு ஜி என்றால் 80 கிமீ. சாலைக் கார் 95 கிமீயில் நிதானமாகச் சுற்றினால் டயர் வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்திவிட்டார்கள்.

இந்த மூன்றிலும் தேறிய கார் கைக்கு மட்டும் பொய்யாகத் தோன்றினால், சந்தேகத்தை உங்கள் மேசையின் பக்கம் திருப்புங்கள். பெரும்பாலும் குற்றவாளி பார்வைக் கோணம் (FOV), அதாவது திரையில் எவ்வளவு அகலமான காட்சி அடங்குகிறது என்பது. 27 அங்குல மானிட்டர் கண்ணிலிருந்து 60 செமீயில் இருந்தால் சரியான செங்குத்துக் கோணம் 31 டிகிரி. பல விளையாட்டுகள் இதைவிட அகலமாகத்தான் தொடங்கும். அகலமானால் வேகம் கூடியதுபோலவும் திருப்பம் தொலைவில் இருப்பதுபோலவும் கண் ஏமாறும், பிரேக் தாமதமாகும். அடுத்தது ஸ்டீயரிங் சுழற்சி. கொம்பெடிட்சியோனேயில் ஃபெராரி 488 ஜிடி3-க்கு 480 டிகிரி, போர்ஷே 991 ஜிடி3 ஆர்-க்கு 800 டிகிரி. எல்லாவற்றையும் ஒரே அளவில் பூட்டி வைத்தால் ஒரு கார் துள்ளும், இன்னொன்று தூங்கும். கடைசியாக, ஸ்டீயரிங் மோட்டார் கைக்குத் தரும் பின்விசையை (ஃபோர்ஸ் ஃபீட்பேக்) உச்சத்தில் வைப்பது. மோட்டார் தன் எல்லையைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் விசையெல்லாம் ஒரே தட்டையாகிவிடும், முன்சக்கரம் நழுவத் தொடங்குவதைக் கை அறியாது. வேகமான நீண்ட திருப்பத்தில் திரையில் தெரியும் விசைப்பட்டை உச்சியில் ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு இறக்குங்கள்.

உரிமம் காலாவதியானால்

இது பர்ஸ் சம்பந்தப்பட்டது. ஒப்பந்த ஆண்டு முடிந்தால் விளையாட்டைப் புதிதாக விற்க முடியாது. ஃபோர்ஸா ஹொரைசன் 3 2020 செப்டம்பரிலும், ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 7 2021 செப்டம்பரிலும், ஹொரைசன் 4 2024 டிசம்பர் 15-லும் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன. புராஜெக்ட் கார்ஸின் முதல் இரண்டு பாகங்களும் 2022-இல் போயின. தளத்தின் உரிமமும் இப்படித்தான். டெல்லி அருகே உள்ள புத் சர்வதேசத் தளம் 2011 முதல் 2013 வரை இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது அந்தந்த ஆண்டின் அதிகாரப்பூர்வ எஃப்1 விளையாட்டில் இருந்தது. பந்தயம் அட்டவணையிலிருந்து போனதும் 2014 விளையாட்டில் இல்லை.

விற்பனை நிற்பதும் சேவை நிற்பதும் ஒன்றல்ல. ஹொரைசன் 4 வாங்கி வைத்தவர்கள் இன்னும் பதிவிறக்கி ஆடலாம். தி க்ரூ என்ற ரேசிங் விளையாட்டின் முதல் பாகம் 2023 டிசம்பரில் கடையிலிருந்து போய், 2024 மார்ச் 31-இல் சர்வரும் மூடப்பட்டது. எப்போதும் இணையத்தில் இணைந்திருக்க வேண்டிய விளையாட்டு என்பதால் காசு கொடுத்தவர்களுக்கும் கதவு அடைந்தது. ஆகவே பழைய விளையாட்டு பெருந்தள்ளுபடியில் வரும்போது, இணையம் இல்லாமல் ஓடுமா என்பதை முதலில் பாருங்கள். விற்பனை நிறுத்த அறிவிப்பு வந்துவிட்டால் கூடுதல் கார் தொகுப்புகளை முதலில் வாங்குங்கள், ஏனென்றால் அவை முன்னதாகவே மறையலாம். ஹொரைசன் 4-இல் மூல விளையாட்டு டிசம்பர்வரை கிடைத்தது. தனித்தொகுப்புகளின் விற்பனை ஜூன் மாதமே நின்றுவிட்டது.